மூன்று பாகம் கயிறு

தெரியாது என்று சொல்லும் பழக்கம் மார்த்தாவுக்கு இல்லை. எந்த வலைக்கு எத்தனை விரல் கண்ணி, சோளகக் காற்றுத் தொடங்கினால் நண்டு எந்தப் பக்கம் ஒதுங்கும், கோயில் பெருநாளுக்கு எத்தனை கிடாரம் சோறு காணும் என்று மன்னார்க் கரை வங்காலையில் யார் எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. ஊர் கேட்டதால் அவள் சொன்னாள். அவள் சொன்னதால் ஊர் மேலும் கேட்டது. நாற்பத்தேழு வயது வரை இது இப்படியே போயிற்று.

அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். விட்டாள் என்பதைவிட, போரில் இடம்பெயர்ந்த வருடம் பள்ளிக்கூடமே இல்லாமல் போயிற்று என்று சொல்வது சரி. மடுக்கோயில் முகாமில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்து வலை பொத்தப் பழகினாள். திரும்பி வந்து கொன்ஸ்ரன்ரைனைக் கட்டினாள். அவன் நண்டு வலைக்குப் போகிறவன், பேச்சுக் குறைவு. வீட்டில் பேச வேண்டிய இரண்டு பேருடைய பேச்சையும் மார்த்தாவே பேசினாள்.

இரண்டு வருடத்துக்கு முன் கரையோரக் கைத்தொழில் முகவரகம் என்ற ஒன்று மன்னார் ரவுணில் கந்தோர் திறந்தது. காசு கொடுக்கிற இடம் என்று நினைத்து முதல் கிழமை போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்து ஏசினார்கள். அது காசு கொடுக்கவில்லை. ஆளை ஆளோடு கோத்துவிட்டது. கந்தோரின் வெளிக்கள அலுவலர் டிலோஜன், யாழ்ப்பாணத்துப் பொடியன், வங்காலைக்கு வந்து அதைத் தன்னால் முடிந்த அளவுக்கு விளங்கப்படுத்தினான்.

“நீர்கொழும்பில ஒரு கொம்பனி நண்டுக்கூடு விக்குது. முந்தி முழுக்கூடும் வெளியில இருந்துதான் வந்தது. இப்ப எங்கட கரையிலயே செய்விக்கலாம் எண்டு நாங்கள் அவையோட கதைச்சிருக்கிறம். ஆனா ஒரே இடத்தில எல்லாம் செய்யிற அளவுக்கு ஒருத்தரிட்டயும் ஆளும் இல்லை, மெசினும் இல்லை. எருக்கலம்பிட்டியில ஸாஜித்தின்ர ஒட்டுப்பட்டறையில வளையம். இஞ்ச நீங்கள் வலை. முருங்கன் பக்கம் ஒரு குழு இருக்கு, அவை கயிறு. மூண்டையும் சேர்த்து லொறியில ஏத்துறது எங்கட பொறுப்பு.”

“பிழைச்சா ஆரின்ர பொறுப்பு தம்பி?” என்று மார்த்தா கேட்டாள்.

“அதுக்குத்தான் ஒரு தரம் பாக்கிற ஆள் வேணும். நீங்கள் செய்யிறியளோ?”

அவளை வவுனியாவுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அளவுநாடா ஒன்றும், பெயர் எழுதிய அட்டை ஒன்றும், மூன்று பிரதி விழும் சிட்டைப் புத்தகம் ஒன்றும் கொடுத்தார்கள். மூன்று ஊரின் வேலையும் அவள் கையெழுத்து இல்லாமல் லொறியில் ஏறாது. வங்காலையில் ஒரு பெண்ணின் கையெழுத்துக்காக ஒரு லொறி காத்து நின்றது அதுதான் முதல் தடவை. லொறி வரும் வியாழக்கிழமைகளில் அவள் பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்கும் போய்வந்தாள்.

கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ஐஸ் அறைதான் வேலை இடம். ஐஸ் மெசின் பழுதான பிறகு அந்தக் கட்டடம் சும்மா கிடந்தது. அங்கே நிஷாந்தியும் இன்னும் ஆறு பெண்களும் வலை தைத்தார்கள். ஸாஜித் தன்னுடைய லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் கம்பி வளையங்களைக் கொண்டுவந்து இறக்குவான். முருங்கனிலிருந்து செல்லாயி பஸ்ஸில் கயிறு கொண்டுவருவாள்.

முதல் வேலை முந்நூறு கூடு. மேலே மூடி இல்லாத வட்டக் கூடு. அடியில் வலை, சுற்றி வளையம், தூக்கக் கயிறு. வங்காலையில் நண்டு வலையில்தான் வரும். கூடு யாருக்கும் பழக்கம் இல்லை. மாதிரிக்கு ஒன்று கேட்டபோது வலையும் வளையமும் மட்டும் கொண்ட ஒன்றைத்தான் கொம்பனி அனுப்பியிருந்தது. கயிற்றுக்கு விவரத்தாள் இருந்தது. டிலோஜன் கந்தோரில் இருந்து இங்கிலீசைத் தமிழாக்கித் தட்டச்சுச் செய்த தாள். அதில் ஒரு வரி: தூக்குக் கயிறு, 3 பாகம்.

செல்லாயி முதல் நாற்பது கயிற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் கொண்டுவந்து கொட்டினாள். நாற்பது வயது வரும். மெலிந்த, சத்தமில்லாத மனுசி. ஒவ்வொன்றிலும் முழங்கை நீளத்தில் மூன்று துண்டுக் கயிறு. மூன்றின் தலையும் மேலே ஒரே முடிச்சில் சேர்ந்திருந்தது. மார்த்தா ஒன்றை எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

“இதென்ன செல்லாயி, கோழிக்குக் கால் கட்டுறதோ?”

“மூணு பாகம்னு எழுதியிருந்திச்சுங்க அக்கா. அதான் மூணா வெட்டி மேல ஒண்ணா முடிஞ்சிருக்கோம்.”

“பாகம் எண்டா என்னெண்டு தெரியுமோ உனக்கு?”

“பங்குதானுங்களே.”

“பங்கோ. காணி பிரிக்க வந்தனீயோ இஞ்ச?”

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலையை நிமிர்த்தினார்கள். மார்த்தா எழுந்து அறையின் நடுவில் நின்றாள். இரண்டு கையையும் தோள் மட்டத்துக்கு அகல விரித்தாள்.

“வடிவாப் பார். இந்த நடுவிரலில இருந்து அந்த நடுவிரல் மட்டும். இதுதான் ஒரு பாகம். ஆம்பிளையின்ர கையெண்டா ஆறடி வரும். நண்டுக் கடல் எத்தினை பாகம்? மூண்டு. கூடு அடியில கிடக்கும், கயிறு மேல வரும். கணக்குச் சரியோ இல்லையோ?”

“கடலைக் கண்டிருந்தா எல்லோ தெரியும்,” என்றாள் நிஷாந்தி.

“கொழுந்து பறிக்கிற ஆக்களுக்குக் கடலளவு எங்க விளங்கும்,” என்றாள் மார்த்தா.

அறை முழுக்கச் சிரித்தது. வாசலில் வளையம் இறக்கிக்கொண்டிருந்த ஸாஜித்தும் சிரித்தான்.

செல்லாயி தேயிலைச் செடியை நேரில் கண்டதில்லை. அவளுடைய தாயும் தகப்பனும் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்து முருங்கனில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் பிறந்தது, படித்தது, புல்லுப் பிடுங்கக் கூலிக்குப் போனது எல்லாம் இந்த மாவட்டத்தில்தான். மார்த்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாள்.

“ரெண்டாவது தாள்ல படம் ஒண்ணு இருக்குங்க அக்கா,” என்று செல்லாயி மெல்லச் சொன்னாள். “அதுல மூணு கோடு மேல போய்ச் சேருது.”

மார்த்தா தாளைத் திருப்பிப் பார்த்தாள். போட்டோக் கொப்பி இருண்டுபோய் இருந்தது. “அது கூட்டின்ர கம்பி,” என்றாள். “எழுத்து இருக்கேக்க ஏன் படத்தப் பாக்கிறாய்?”

செல்லாயி நிலத்தில் குந்தி நாற்பது முடிச்சையும் அவிழ்த்தாள். வெட்டின துண்டுகள் எதற்கும் உதவாமல் மூலையில் கிடந்தன. மார்த்தா சுவரில் ஆறடிக்கு இரண்டு கரிக்கோடு கீறி, மூன்று தடவை அளந்தால் ஒரு கயிறு என்று செல்லாயிக்குக் காட்டிக் கொடுத்தாள். அன்பாகத்தான் காட்டினாள். சிரித்து முடிந்தபின் அவள் எல்லோருக்கும் அன்பாகத்தான் இருப்பாள்.

பத்து நாளில் செல்லாயியிடமிருந்து அழைப்பு வந்தது.

“கயிறு பத்தலீங்க அக்கா. மூணு சுருளும் நூறு கூட்டுக்குத்தான் வந்திச்சு. கொம்பனி கணக்குப் பாத்துத்தானே அனுப்பியிருப்பாங்க. நம்ம அளவுதான் பிழையோன்னு…”

“அளவு பிழையில்லை. கொம்பனிதான் பிழை. நீ வை, நான் பாக்கிறன்.”

உடனே டிலோஜனுக்கு எடுத்தாள். “தம்பி, உங்கட கொம்பனிக்காரர் கயிற்றில கள்ளம் விடுகினம். இன்னும் ஆறு சுருள் வேணும்.”

மார்த்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று டிலோஜன் ஒரு கேள்வியும் கேட்காமல் ஆறு சுருள் வாங்கி அனுப்பினான். முந்நூறு கூட்டிலும் பதினெட்டு அடிக் கயிறு, வளையத்தின் ஒரு பக்கத்தில் இறுக்கி முடிந்து, சுருட்டிக் கட்டி லொறியில் ஏறியது. மூன்று சிட்டையிலும் மார்த்தா கையெழுத்துப் போட்டாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு அதே லொறி அதே கூடுகளோடு திரும்பி வந்தது. முன்னால் டிலோஜனுடைய மோட்டார் சைக்கிள். அதில் பின்னால் இருந்து இறங்கியவர் கொம்பனிக்காரர். தமிழையும் சிங்களத்தையும் கலந்து பேசுகிற ஒரு மெலிந்த மனிதர். அவர் கோபப்படவில்லை. ஐஸ் அறை மூலையில் கிடந்த நாலு தேங்காயை எடுத்து ஒரு கூட்டுக்குள் வைத்தார். கயிற்றைப் பிடித்துத் தூக்கினார். கூடு ஒரு பக்கமாகச் சரிந்தது. தேங்காய்கள் உருண்டு மார்த்தாவின் காலடிக்கு வந்தன.

“நண்டு ஒக்கம, எல்லாம் வீட்டுக்குப் போச்சு,” என்றார் அவர்.

பிறகு தன் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து இன்னொரு கூட்டில் கொளுவினார். மூன்று துண்டு. மூன்றும் மேலே ஒரே முடிச்சில் சேர்ந்திருந்தன. வளையத்தில் மூன்று இடத்தில் கட்டித் தூக்கினார். கூடு தட்டுப்போல நேராக எழும்பியது. தேங்காய் அசையவில்லை. “மேல நீளக் கயிறு மீன் பிடிக்கிற ஆள் கட்டும். அது எங்கட வேல இல்ல,” என்றார்.

மார்த்தா அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது தடவை அதை அவிழ்க்க வைத்தவள் அவள். வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தவள்போல முகம் எரிந்தது. யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்க்கவும் பயமாக இருந்தது.

டிலோஜன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வியர்த்தது. “கயிறு முருங்கன் குழு,” என்று வாசித்தான். பிறகு மார்த்தாவிடம் திரும்பினான். “அக்கா, நீங்கள் பாத்துத்தானே கையெழுத்து வைச்சனீங்கள். அவை சொன்னபடி செய்யேல்லையோ?”

அன்றைக்குச் செல்லாயி அங்கே இல்லை. அவளை யாரும் கூப்பிடவில்லை.

“கயிறு அவையின்ர வேலைதான் தம்பி,” என்றாள் மார்த்தா.

அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. சொன்ன உடனே அதைத்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நிஷாந்தி வலையைக் குனிந்து பார்த்தாள். ஸாஜித் வாசலில் நின்று மார்த்தாவை ஒரு தடவை பார்த்துவிட்டு லான்ட்மாஸ்டரைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கொம்பனி பெருந்தன்மையாகத்தான் நடந்தது. கயிற்றை மட்டும் மாற்றிக் கொடுத்தால் முந்நூறையும் எடுக்கும். அடுத்ததாக எண்ணூறு கூடு தரும். ஆனால் கயிற்றுக்கு வேறு குழு வேண்டும். டிலோஜன் போகும்போது சொன்னான்: “அடுத்த முறை கயிறும் நீங்களே செய்யுங்கோ அக்கா. முருங்கன் ஆக்களை நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் அனுப்புறன். கட்டினதுகளை அவிழ்க்கிறதுக்கு மட்டும் அவையைக் கூப்பிடலாம்.”

“எங்களுக்கு வேலை கூடுது அக்கா,” என்று நிஷாந்தி சந்தோசப்பட்டாள். மார்த்தா ஓம் என்றாள்.

அன்று பின்னேரம் கொன்ஸ்ரன்ரைன் வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தபோது மார்த்தா சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்: “மூடி இல்லாத வட்டக் கூட்டை ஒத்தைக் கயிற்றில தூக்கினா நிக்குமோ?”

“சரியுமெல்லோ.” அவன் நிமிர்ந்தான். “ஆர் விசரன் அப்பிடிக் கட்டினது?”

“முருங்கன் ஆக்கள்.”

“பாவங்கள். அதுகளுக்கு ஆராவது சொல்லிக் குடுத்திருக்கலாம்.”

முதல் தடவை சொன்னதில் பொய்ச் சொல் இல்லை என்று தன்னைத் தேற்றியவளுக்கு, இரண்டாம் தடவை அந்தத் தேறுதலும் இல்லாமல் போயிற்று. அதுவும் கேள்வி கேட்டே பழக்கமில்லாத மனுசனிடம்.

சனிக்கிழமை பின்னேரம் கோயிலில் சுவாமியிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். முன்னால் ஐந்து பேர். நின்று யோசித்தாள். சுவாமியிடம் சொன்னால் அவர் யாருக்கும் சொல்லமாட்டார். அதனால்தான் இங்கே வந்து நிற்கிறேன் என்று அவளுக்கு மெல்லப் பிடிபட்டது. யாருக்கும் சொல்லாத ஒருவரிடம் சொல்லிவிட்டு, மனம் லேசாகி, திங்கட்கிழமை போய் செல்லாயியின் வேலையைச் செய்யத் தொடங்கலாம். ஆண்டவர் மன்னித்தாலும் செல்லாயிக்கு வேலை வராது. முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். வந்ததற்காகவும் வெட்கப்பட்டாள், பின்னால் நின்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று.

திங்கட்கிழமை ஸாஜித் வளையம் இறக்க வந்தான். மற்றப் பெண்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் அவளிடம் வந்தான்.

“மார்த்தாக்கா, ஒண்டு சொல்லவா?”

“சொல்லு.”

“அண்டைக்கி நானும் சிரிச்சிட்டன். அதுதான் அந்த மனுசன் தேங்காயத் தூக்கினப்போ எனக்கும் வாய் வரல்ல. நீங்க சொல்லுவீங்க எண்டு நெனச்சன்.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான்,” என்றாள் மார்த்தா.

“அப்ப?”

மார்த்தா கையிலிருந்த வலையில் கண்ணி எண்ணத் தொடங்கினாள். “எனக்கு அவங்களோட இனிச் சேர்ந்து வேல இல்ல, எனக்கென்ன எண்டு இருக்கலாம்,” என்றான். “ஆனா நாளைக்கி என்ட வளையத்துக்கும் நீங்கதானே கையெழுத்து.” சொல்லிவிட்டுப் போய்விட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கோபப்பட்டு ஒரு மாதிரித் தப்பியிருப்பாள்.

அடுத்த நாள் காலை பஸ் எடுத்து முருங்கனில் இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீற்றர் நடந்தாள். இந்த வேலை தொடங்கினதிலிருந்து செல்லாயி எத்தனை தடவை இந்த வழியால் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள் என்று அவள் அன்றுவரை நினைத்ததில்லை. செல்லாயியின் வீட்டு முற்றத்தில், வேம்புக்குக் கீழே, கயிறு வெட்டுவதற்கென்று ஒரு பலகை மேசை இருந்தது. முகவரகம் கொடுத்த மேசை. அதில் ஈர உடுப்புகள் காய்ந்தன.

“வாங்க அக்கா,” என்று செல்லாயி பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டாள். “நீங்களே வந்திட்டீங்க.”

“கடிதம் வந்ததோ?”

“போன்ல சொன்னாங்க. கடிதம் பொறகு வருமாம்.”

மார்த்தா பஸ்ஸில் இருந்தபடி சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். கொம்பனியின் மாதிரியில் கயிறு இல்லாததும், போட்டோக் கொப்பி இருண்டதும் அதில் முதலில் வந்தன. கதிரையில் இருந்தபின் அவை ஒன்றும் வாயில் வரவில்லை.

“நீ கட்டினதுதான் சரி,” என்றாள். “நான்தான் பிழை.”

“தெரியுங்க அக்கா.”

“எப்ப தெரியும்?”

“கயிறு பத்தாமப் போனப்பவே. மூணு சுருளை முந்நூறால பிரிச்சுப் பாத்தோம். மூணு துண்டுக்குச் சரியா வந்திச்சு.”

“பிறகேன் நீ சொல்லேல்ல?”

“சொன்னேனே,” என்றாள் செல்லாயி. “அளவு பிழையோன்னு போன்ல கேட்டேன். நீங்க வைன்னு சொல்லிட்டீங்க.”

முற்றத்தில் ஒரு கோழி நடந்துபோனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்,” என்றாள் மார்த்தா. சொன்ன பிறகுதான் அதுவும் செல்லாயி மீது போடுகிற பழி என்று விளங்கியது.

செல்லாயி மேசையில் காய்ந்த உடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். “எங்க பொம்பளைக கேட்டாங்க, எதனால நிப்பாட்டுறாங்கன்னு. நான் அளவை மாத்தி வெட்டிட்டேன்னு சொல்லிட்டேன்.”

“நீயோ? ஏன்?”

“உங்க பேரைச் சொன்னா இவங்க சும்மா இருப்பாங்களா? பஸ் ஏறி வந்து சண்டை போடுவாங்க. அப்புறம் வங்காலைப் பக்கம் எங்களுக்கு ஒரு வேலையும் வராது. என்னையத் திட்டினா ரெண்டு நாளையில மறந்திடுவாங்க.” உடுப்பு ஒன்றை எடுத்து மடித்தாள். “பதினொரு பேரு அக்கா. இப்ப என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கிறாங்க.”

மார்த்தா தலையைக் குனிந்தாள். தன்னுடைய பிழையை இங்கே ஒருத்தி ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நடக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வந்த தனக்கு முதலில் கதிரை போட்டதும் அவள்தான்.

அங்கிருந்து நேரே மன்னாருக்குப் போனாள். முகவரகக் கந்தோரில் டிலோஜன் தனியாக இருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. கோப்பில் இருந்த இங்கிலீசுத் தாளை எடுத்தான், தன்னுடைய தமிழ்த் தாளைப் பக்கத்தில் வைத்தான், இரண்டையும் நெடுநேரம் பார்த்தான்.

“துண்டு எண்டுதான் அக்கா முதல்ல எழுதினனான்,” என்றான். “கந்தோர்க் கடிதத்தில துண்டு எண்டு எழுதினா வடிவில்லை எண்டு பாகம் எண்டு மாத்தினனான். கடலில அப்பிடி ஒரு அளவு இருக்கிறது சத்தியமா எனக்குத் தெரியாது.”

“எனக்கு அது ஒண்டுதான் தெரியும்,” என்றாள் மார்த்தா. “இப்ப என்ன செய்யிறது?”

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கொம்பனிக்கு அறிக்கை போட்டாச்சு. திருப்பி எழுதினா என்ர பெயரும் அடிபடும், உங்கட பெயரும் அடிபடும். உங்களைத் தரம் பாக்கிற வேலையில வைச்சிருக்க விடமாட்டினம். முருங்கன் ஆக்களை நான் மெதுவா வேற ஏதும் வேலையில சேர்த்து விடுறன். ஆறு மாசம் போகட்டும்.”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். ஆறு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பெயர் அட்டை கழுத்தில் இருக்கும். லொறி அவளுடைய கையெழுத்துக்கு நிற்கும். அவன் பொடியன், கெட்டவன் இல்லை. அவனுக்கும் வீட்டில் ஒரு தாய் இருப்பாள். எல்லோருக்கும் நல்லது. செல்லாயி மட்டும் ஆறு மாதம் அந்த மேசையில் உடுப்புக் காயவைப்பாள்.

“தம்பி, ஒரு பேப்பர் தாங்கோ.”

“அக்கா…”

“உங்கட பெயரை நான் எழுதேல்ல. அது உங்கட விருப்பம். என்ரயை நான் எழுதுறன்.”

எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. ஐந்து வரி எழுத முக்கால் மணித்தியாலம் பிடித்தது. முருங்கன் குழு முதலில் சரியாகக் கட்டியது. அவிழ்க்கச் சொன்னது நான். கயிறு காணாது என்று சொன்னதையும் நான் கேட்கவில்லை. பிறகு உங்கள் முன்னால் அவர்கள் மீது பழி விழ விட்டதும் நான். கடைசி வரிதான் எழுத வரவில்லை. ஒருதரம் எழுதி வெட்டினாள், பிறகு திரும்ப எழுதினாள்.

டிலோஜன் அதை வாங்கி வாசித்தான். மேசையில் குப்புற வைத்தான். பிறகு திரும்ப எடுத்து, அடியில் தன்னுடைய பேனையால் ‘விவரத்தாளின் மொழிபெயர்ப்புப் பிழை, செய்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவளைப் பார்க்காமல்தான் போட்டான்.

வியாழக்கிழமை ஐஸ் அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். வங்காலைப் பெண்கள் ஒரு பக்கம். முருங்கனிலிருந்து பஸ்ஸில் வந்த பன்னிரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள், கதிரை போதவில்லை. ஸாஜித் வாசலில். டிலோஜன் அந்தக் கடிதத்தைத் தானே வாசிக்கிறேன் என்றான். மார்த்தா வேண்டாம் என்றாள். எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியோடு நிறுத்தினாள். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாயாலேயே சொன்னாள்.

“அண்டைக்கு இஞ்ச எல்லாரையும் சிரிக்க வைச்சனான். செல்லாயி கட்டினதுதான் சரி. அவளுக்குத் தெரிஞ்சிருந்தது, எனக்குத் தெரியேல்ல. கொழுந்து அது இது எண்டு கதைச்சதும் நான்தான். பிறகு தம்பி கேக்கேக்க வாயை மூடிக்கொண்டு இருந்ததும் நான்தான். செல்லாயி தன்னில பழியைப் போட்டு உங்களுக்குச் சொன்னது பொய்.”

நிஷாந்தி நிலத்தைப் பார்த்தாள். முருங்கன் பெண்கள் மார்த்தாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் செல்லாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி செல்லாயியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள்.

ஏசுவார்கள் என்று மார்த்தா காத்திருந்தாள். ஏச்சுக்கு அவள் ஆயத்தமாக வந்திருந்தாள். யாரும் ஏசவில்லை. அந்த வயதான பெண் டிலோஜனைப் பார்த்துக் கேட்டாள்:

“அப்ப தம்பி, எண்ணூறு கூட்டுக்குக் கயிறு எங்களுக்குத்தானா?”

“முதல்ல நூறு. கொம்பனி பாத்திட்டு மிச்சம் தரும் எண்டு நினைக்கிறன்.”

“வியாழக்கிழமையில லொறி எத்தனை மணிக்கு வரும்?”

“எட்டரைக்கு.”

அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வெளியே நடந்தார்கள். தரம் பார்க்க இனி வேறு ஆள் வருவார் என்று டிலோஜன் சொன்னபோது பாதிப் பேர் வாசலைத் தாண்டிவிட்டார்கள். மார்த்தா பெயர் அட்டையையும் சிட்டைப் புத்தகத்தையும் மேசையில் வைத்தாள். யாராவது ஒரு சொல், கெட்ட சொல்லாவது, தனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று இருந்தது. அதைக் கேட்கவும் தனக்கு உரிமை இல்லை என்றும் இருந்தது.

கடைசியாகப் போன செல்லாயி வாசலில் நின்று திரும்பினாள்.

“அக்கா, இந்த முந்நூறையும் எப்பக் குடுக்கணுமாம்?”

“அடுத்த வியாழன்.”

“அவிழ்க்க ஆள் பத்தாது. நீங்க வருவீங்களா?”

“வாறன்.”

“சரிங்க,” என்றாள் செல்லாயி. “காலையில ஏழு மணிக்கு வாங்க. சாப்பாடு கட்டிக்கிட்டு வந்திருங்க, எங்க ஊர்ல கடை இல்லை.” பிறகு மற்றவர்களோடு சேர வேகமாக நடந்தாள். மார்த்தா கூடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, முருங்கனுக்குப் போக நின்ற லொறியில் ஏற்றத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் நிஷாந்தியும் வந்து மறுபக்கம் பிடித்தாள்.